கணினி கிளம்பவில்லை, அப்பாவின் கோப்புகளை மட்டுமாவது எடுக்க வழி சொல்லுங்கள்

#1 செம்பருத்தி

வணக்கம். வீட்டு டெஸ்க்டாப் நேற்று மாலையிலிருந்து கிளம்பவில்லை. 2013இல் வாங்கியது, விண்டோஸ் 10 ஓடுகிறது. பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, நிறுவனச் சின்னமும் வருகிறது. அதற்குக் கீழே வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அரை மணி நேரம் கழித்து ‘தானியங்கிப் பழுதுபார்ப்பு தயாராகிறது’ என்று வந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. இப்படியே நான்கு முறை ஆகிவிட்டது.

பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் போனில் கேட்டேன். “ஃபார்மட் பண்ணி புதுசா விண்டோஸ் போட்டுடலாம், டேட்டா மட்டும் போயிடும்” என்றார். எனக்கு வேண்டியதே அந்த டேட்டா மட்டும்தான். அப்பா பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்து தட்டச்சு செய்த நினைவுக் குறிப்புகள், பாட்டி பேசிய ஒலிப்பதிவுகள், தங்கையின் சின்ன வயதுப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வேறெங்கும் நகல் இல்லை. அப்பா வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நேற்றிலிருந்து அந்த மேசைப் பக்கமே போகவில்லை. கம்ப்யூட்டர் போனால் போகட்டும். கோப்புகளை எடுக்க முடியுமா?

#2 இரவுப்பறவை

முடியும் என்றே நினைக்கிறேன். முதலில் கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இன்னொரு முறை ‘கிளம்புகிறதா பார்ப்போம்’ என்று போட்டுப் பார்க்க வேண்டாம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), மதர்போர்டு, ரேம் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. சின்னம் வருவதே அதற்குச் சாட்சி. நின்றுபோனது விண்டோஸ். விண்டோஸ் வேறு, உங்கள் கோப்புகள் வேறு. இரண்டும் ஒரே வன்தட்டில் குடியிருக்கின்றன, அவ்வளவுதான். விண்டோஸ் எழவில்லை என்பதால் கோப்புகள் அழிந்துவிடவில்லை. ஆனால் புதிதாக விண்டோஸ் போட்டால் அது பழைய கோப்புகள் இருந்த இடத்தின் மேலேயே எழுதப்படலாம். அப்படி எழுதிவிட்டால் யாராலும் மீட்க முடியாது. அதனால் அந்த வன்தட்டில் இனி ஒரு பைட் கூட எழுதக் கூடாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். கோப்புகள் வெளியே வந்த பிறகு பழுதுபார்ப்பைப் பற்றிப் பேசலாம்.

இப்போது சில விஷயம் தெரிய வேண்டும். உள்ளே இருப்பது சுற்றும் ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா? எவ்வளவு கொள்ளளவு? கிளம்பும்போது பெட்டிக்குள் என்ன சத்தம் வருகிறது? பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போனால் வன்தட்டின் பெயர் தெரிகிறதா? டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே கணினியைப் போட்டால் பயாஸ் வரும். இதற்காக ஒரே ஒரு முறை போடலாம்.

#3 கம்பிவலை

பயாஸுக்குப் போகும்போது அங்கே காட்டும் தேதியையும் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரி, சிஆர்2032, தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அது தீர்ந்தால் பயாஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். சாட்டா கட்டுப்பாட்டு முறை (வன்தட்டோடு மதர்போர்டு பேசும் விதம்) ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கோ, கிளம்பும் முறை யுஇஎஃப்ஐ என்ற புதியதிலிருந்து பழையதற்கோ மாறியிருந்தால், ஒரு குறையும் இல்லாத வன்தட்டிலிருந்துகூட விண்டோஸ் கிளம்பாது. எனக்கு அப்படி ஆகி, இரண்டு நாள் தேவையில்லாமல் கலங்கிப்போனேன்.

#4 தென்றல்வழி

இவ்வளவு யோசிக்க வேண்டாம் சகோதரி. பழுதுபார்ப்புத் திரையில் கமாண்ட் பிராம்ப்ட் இருக்கும். அதில் செக்டிஸ்க் என்ற வன்தட்டுச் சோதனைக் கட்டளையை ஓட்டுங்கள், கூடவே எஃப், ஆர் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். எனக்கு இரண்டு தடவை அதிலேயே சரியாகிவிட்டது.

#5 இரவுப்பறவை

தென்றல்வழி, உங்கள் வன்தட்டு நல்ல நிலையில் இருந்து, திடீரென மின்சாரம் போனதில் கோப்பு அட்டவணை மட்டும் கலைந்திருக்கும். அந்த இடத்தில் செக்டிஸ்க் சரியான மருந்துதான். இங்கே வன்தட்டே நோயாளியா என்று இன்னும் தெரியவில்லை. அது தெரியும் வரை செக்டிஸ்க் ஓட்டச் சொல்ல எனக்கு மனம் வராது.

செக்டிஸ்க்கின் வேலை கோப்பு அமைப்பை ஒழுங்கான நிலைக்குக் கொண்டுவருவது. கோப்புகளைக் காப்பாற்றும் பொறுப்பு அதற்குக் கிடையாது. ஒரு ஃபோல்டரின் குறிப்பைப் படிக்க முடியாவிட்டால், ‘இது பழுது’ என்று வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒழுங்குபடுத்தும். வெட்டியதை ஃபவுண்ட் என்ற பெயரில் ஒரு ஃபோல்டருக்குள், பெயரில்லாத துண்டுகளாகக் கொட்டி வைக்கும். ஆர் சேர்த்துக் கொடுத்தால் வன்தட்டு முழுவதையும் மூலை விடாமல் படித்துப் பார்க்கும். சாகக் கிடக்கும் வன்தட்டுக்கு அது பெரிய சுமை.

எட்டு வருடத்துக்கு முன் என் அண்ணன் மகளின் கல்லூரி வேலைகள் இருந்த வன்தட்டில் நானே இதைச் செய்தேன். முடிந்தபோது நானூற்றுச் சொச்சம் சிஹெச்கே கோப்புகள் இருந்தன. எது எந்தப் பாடம் என்று ஒன்றுக்கும் பெயரில்லை. அவள் திட்டவில்லை, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரவு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

#6 தென்றல்வழி

சரி, புரிகிறது. கோப்புகளை எடுத்த பிறகுதான் செக்டிஸ்க் என்று திருத்திக்கொள்கிறேன். செம்பருத்தி, இன்னும் ஓட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

#7 செம்பருத்தி

ஓட்டவில்லை. பயாஸ் பார்த்தேன். தேதி சரியாக இருக்கிறது. வன்தட்டின் பெயர் தெரிகிறது, 1 டிபி என்று காட்டுகிறது. சுற்றும் வகைதான்.

சத்தம்: காதைப் பெட்டிமேல் வைத்துக் கேட்டேன். சுற்றுவது சீராகக் கேட்கிறது. ஆனால் சில நொடிக்கு ஒரு முறை ‘கிர்ர்… கிர்ர்’ என்று ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருகிறது, நடுவில் சற்று அமைதி. டக் டக் என்று தட்டும் சத்தம் இல்லை.

#8 இரவுப்பறவை

காது வைத்துக் கேட்டது ரொம்ப நல்லது. வன்தட்டு ஒரே இடத்தைப் படிக்க முயன்று, முடியாமல், மறுபடி மறுபடி முயல்கிறது. சில செக்டர்கள் (தட்டில் தரவு பதியும் சிறு கட்டங்கள்) கெட்டிருக்கின்றன, விண்டோஸுக்கு வேண்டிய ஏதோ ஒன்று அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது என் ஊகம். படிக்கும் தலை இன்னும் வேலை செய்கிறது.

‘டக், டக், டக்’ என்று கடிகாரம் மாதிரித் தட்டினாலோ, சுற்றாமலே நின்றாலோ நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். அங்கே எந்த மென்பொருளும் உதவாது. தலைக்கும் தட்டுக்கும் நடுவே சில நானோமீட்டர் இடைவெளிதான் இருக்கும். தலை சேதமாகித் தட்டில் உரசினால், உங்கள் கோப்புகள் பதிந்திருக்கும் மேற்பூச்சே சுரண்டப்பட்டுவிடும். அந்த நிலையில் உடனே அணைத்துவிட்டு, தூசியில்லா அறை வைத்திருக்கும் தரவு மீட்பு ஆய்வகத்திடம் கொடுப்பதுதான் வழி. வீட்டில் மூடியைத் திறந்தால் கதை முடிந்தது.

உங்கள் நிலையில், வேறு ஒரு நல்ல கணினியில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை (இரண்டும் விண்டோஸ் போன்ற இலவச இயங்குதளங்கள்) இறக்கி, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு எழுதிக்கொள்ளுங்கள். பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும், கவனம். அதைச் செருகி, கணினி கிளம்பும்போது எஃப்12 தட்டினால் (சில மதர்போர்டில் எஃப்11, எஃப்8 அல்லது எஸ்கேப்) எதிலிருந்து கிளம்புவது என்று கேட்கும். பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். பிறகு உபுண்டு கேட்டால் ‘நிறுவாமல் முயன்று பார்’ என்பதைத்தான் அழுத்த வேண்டும், மின்ட் கேட்காமலே அப்படித்தான் கிளம்பும். ‘நிறுவு’ பக்கம் கை போகவே கூடாது. இப்படிச் செய்தால் லினக்ஸ் பென்டிரைவையும் ரேமையும் வைத்தே ஓடும், உங்கள் வன்தட்டைத் தொடாது. கோப்புகளை வாங்கிக்கொள்ள வெளி வன்தட்டு ஒன்றும் வேண்டும், 1 டிபியைவிடப் பெரியதாக.

#9 தட்டச்சுமேசை

வேறொருவர் இதைப் படிப்பார் என்பதால் சொல்கிறேன். வன்தட்டு நலமாக இருந்து விண்டோஸ் மட்டும் கெட்டிருந்தால் லினக்ஸ்கூடத் தேவையில்லை. பழுதுபார்ப்புத் திரையில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ‘நோட்பேட்’ என்று தட்டினால் நோட்பேட் வரும். அதில் கோப்பைத் திறக்கும் பெட்டிக்குப் போய், கீழே ‘எல்லாக் கோப்புகளும்’ என்று மாற்றினால் அதுவே ஒரு சின்ன எக்ஸ்ப்ளோரர். வலது கிளிக் செய்து காப்பி எடுத்து பென்டிரைவில் ஒட்டலாம். சி டிரைவ் அங்கே டி என்றோ இ என்றோ காட்டும், பயப்பட வேண்டாம். காப்பி ஆகும்போது உறைந்ததுபோல் நிற்கும், பொறுமையாக விட்டுவிடுங்கள். போன மாதம் என் அக்காவின் 40 ஜிபி படங்களை இப்படித்தான் எடுத்தேன்.

#10 ஆற்றங்கரை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், என் பிரச்சினையும் கிட்டத்தட்ட இதுதான். லேப்டாப், விண்டோஸ் 11. பயாஸ் அப்டேட் ஆன பிறகு நீலத்திரை வந்து ‘பிட்லாக்கர் மீட்பு விசை’ கேட்கிறது. நான் பிட்லாக்கர் என்று ஒன்றைப் போட்டதே இல்லை. லினக்ஸ் பென்டிரைவில் கிளப்பினால் டிரைவ் பூட்டியிருக்கிறது என்கிறது. ஏதாவது ஹேக் செய்தார்களா?

#11 கம்பிவலை

யாரும் ஹேக் செய்யவில்லை ஆற்றங்கரை. விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்து நுழைந்தால், பல லேப்டாப்களில் பிட்லாக்கர் மறையாக்கம், அதாவது விசை இல்லாமல் படிக்க முடியாதபடி டிரைவைப் பூட்டும் வேலை, கேட்காமலே தானாகத் தொடங்கிவிடும். 2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து இன்னும் அதிகம். வழக்கமாக மதர்போர்டில் உள்ள டிபிஎம் சிப் விசையைக் கொடுத்துத் திறந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. பயாஸ் மாறியதும் அது சந்தேகப்பட்டு விசையைக் கேட்கிறது.

விசை 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுக் கூட்டம். முதல்முறை அந்த லேப்டாப்பை அமைத்தபோது எந்த மின்னஞ்சல் கொடுத்தீர்களோ அதே கணக்கில், போனிலேயே மைக்ரோசாஃப்ட் தளத்தில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் விசைகளைப் பாருங்கள். நீலத்திரையில் விசையின் அடையாளம் ஒன்று காட்டும். அதன் முதல் எட்டு எழுத்தும் தளத்தில் உள்ளதும் பொருந்த வேண்டும். வீட்டில் வேறொருவர் அமைத்துக் கொடுத்திருந்தால் அவர் கணக்கில் இருக்கும். பள்ளி, அலுவலகக் கணக்கு என்றால் அவர்களிடம் கேட்க வேண்டும்.

விசை கிடைக்கவில்லை என்றால் மீட்க வழியே இல்லை. இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. எந்த ஆய்வகம் ‘திறந்து தருகிறேன்’ என்று சொன்னாலும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

#12 செம்பருத்தி

லினக்ஸ் மின்ட் கிளம்பிவிட்டது! வன்தட்டு இடது பக்கத்தில் தெரிந்தது. திறந்தால் ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் அப்பாவின் பெயர், அதற்குள் டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், எல்லாம் அப்படியே இருக்கிறது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஃபோல்டர் பெயர்களை விரல் வைத்துப் படித்தார்.

வெளி வன்தட்டுக்குக் காப்பி போட்டேன். 11 ஜிபி வரை நன்றாகப் போயிற்று. அப்புறம் 2016 படங்கள் ஃபோல்டரில் நின்றுவிட்டது. ‘உள்ளீடு வெளியீட்டுப் பிழை’ என்று வந்தது. தவிர்த்துவிட்டுத் தொடரச் சொன்னால் மறுபடி பத்து நிமிடம் நிற்கிறது, அதே கிர்ர் சத்தம். என்ன செய்வது?

#13 இரவுப்பறவை

காப்பியை நிறுத்துங்கள். கிடைத்த 11 ஜிபியைத் தொடாமல் வையுங்கள், அது கைக்கு வந்த காசு.

ஃபோல்டர் ஃபோல்டராகக் காப்பி எடுப்பது கெட்ட வன்தட்டுக்கு ஒத்துவராது. ஒவ்வொரு கோப்புக்கும் தலை அங்குமிங்கும் ஓடும், கெட்ட இடம் வந்தால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் தலை கெட்டால் நல்ல இடங்களில் இருப்பதும் போச்சு.

‘டிஸ்க்ஸ்’ என்ற செயலியைத் திறந்து, வன்தட்டைத் தேர்ந்தெடுத்து ஸ்மார்ட் விவரம் (வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல்) பாருங்கள். 5, 197, 198 என்ற மூன்று வரிகளில் உள்ள எண்களை மட்டும் எழுதுங்கள்.

#14 செம்பருத்தி

5: 88
197: 312
198: 305

#15 இரவுப்பறவை

நினைத்தது சரிதான். 5 என்பது ஏற்கெனவே கெட்டு, மாற்றிடத்துக்குக் கொண்டுபோன செக்டர்கள். 197 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 198 என்பது சோதனையில் படிக்கவும் திருத்தவும் முடியாமல் போனவை. நல்ல வன்தட்டில் மூன்றும் பூஜ்யமாக இருக்கும். 312 அதிகம்தான், ஆனால் 1 டிபியில் அது கடுகளவு. அந்தக் கடுகைச் சுற்றிக்கொண்டு மிச்சம் எல்லாவற்றையும் முதலில் எடுப்பதுதான் நம் வேலை.

அதற்கென்றே எழுதப்பட்ட கருவி குனூ டிடிரெஸ்க்யூ, இலவசம். அது கோப்புகளைப் பார்க்காது. வன்தட்டை முதல் செக்டரிலிருந்து கடைசிவரை அப்படியே ஒரு பெரிய கோப்பாக, அதாவது டிஸ்க் இமேஜாக, எடுக்கும். படிக்கச் சிரமமான இடம் வந்தால் அங்கே நிற்காமல் தாண்டிக் குதித்து அடுத்த இடத்துக்குப் போய்விடும். எங்கே குதித்தது என்று வரைபடக் கோப்பு ஒன்றில் எழுதிக்கொண்டே போகும். எளிதானது எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் விட்டுப்போன இடங்களுக்குத் திரும்பி வரும். நடுவில் மின்சாரம் போனாலும், வரைபடக் கோப்பு பத்திரமாக இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இதை எழுதியவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

கட்டளை வரிகளைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். முதல் ஓட்டத்தில் சிரமமான இடங்களைச் சுரண்டாதே என்ற விருப்பத்தோடு ஓட்டுங்கள். இரண்டாவது ஓட்டத்தில் மட்டும் மூன்று முறை மறுமுயற்சி. சில எச்சரிக்கை:

எதிலிருந்து, எதற்கு என்ற வரிசையை மூன்று தடவை சரிபாருங்கள். மாற்றிக் கொடுத்தால் வெற்று வன்தட்டை உங்கள் கோப்புகள்மேல் எழுதிவிடும். கொள்ளளவையும் மாடல் எண்ணையும் பார்த்து எது எது என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டு தட்டுங்கள்.

வரைபடக் கோப்பு, இமேஜ் இரண்டும் வெளி வன்தட்டில்தான் இருக்க வேண்டும். பென்டிரைவ் லினக்ஸின் டெஸ்க்டாப்பில் வைத்தால் அணைத்ததும் மறைந்துவிடும். வெளி வன்தட்டு எஃப்ஏடி32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை ஏற்காது, எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக இருக்கட்டும்.

தொடங்குமுன் பழைய வன்தட்டை மவுன்ட் நீக்கிவிடுங்கள் (லினக்ஸில் திறந்திருப்பதை மூடுவது, கம்பியைக் கழற்றுவதல்ல). ஓடும்போது அறையில் இருங்கள். சத்தம் தட்டுவதாக மாறினால், அந்த நொடியே நிறுத்துங்கள்.

#16 நீலவானம்

வன்தட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்தால் ஓடும் என்று படித்திருக்கிறேன். முயன்று பார்க்கலாமே?

#17 கம்பிவலை

தயவுசெய்து வேண்டாம். குளிர்ந்த தட்டை வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் அதன்மேல் படியும். தலை அந்த ஈரத்தில் உரசும். இங்கே ஓடிக்கொண்டிருக்கும் வன்தட்டை நாமே கொல்வதாகிவிடும். வெளியே உள்ள பச்சைச் சர்க்யூட் பலகையை அதே மாடலிலிருந்து மாற்றுவது என்று இன்னொரு யோசனையும் சுற்றுகிறது. அந்தப் பலகையில் உள்ள சிறு நினைவகச் சிப்பில் அந்தந்த வன்தட்டுக்கே உரிய அளவுத் திருத்தங்கள் பதிந்திருக்கும். அந்தச் சிப்பையும் கழற்றி மாற்றாமல் பலகையை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் ஓடாது.

#18 ஆற்றங்கரை

என் விசை கிடைத்துவிட்டது! என் கணக்கில் இல்லை. லேப்டாப்பை முதலில் அமைத்தது அண்ணி, அவர் கணக்கில் இருந்தது. 48 எண்களையும் போட்டதும் திறந்துவிட்டது. கம்பிவலைக்கு மனமார்ந்த நன்றி. விசையைத் தாளில் எழுதி, லேப்டாப் பையில் இல்லாமல் வேறு இடத்தில் வைத்துவிட்டேன்.

#19 செம்பருத்தி

நேற்று இரவு 9 மணிக்குத் தொடங்கினேன். முதல் ஒரு மணி நேரம் நொடிக்கு 100 எம்பி வேகம். 36 சதவீதத்தில் திடீரென வேகம் விழுந்து, சத்தம் வந்தது. கை பதறியது. ஆனால் நீங்கள் சொன்னபடியே அது தாண்டிக் குதித்து மறுபடி வேகம் பிடித்தது. அப்பா நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சதவீத எண்ணைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார், அப்படியே தூங்கிவிட்டார்.

காலை 4 மணிக்கு முதல் ஓட்டம் முடிந்தது. 99.98 சதவீதம். இரண்டாவது ஓட்டம் மதியம் வரை போயிற்று. கடைசியில் கிடைக்காமல் நின்றது 1.1 எம்பிதான். இமேஜ் கையில் இருக்கிறது. பழைய வன்தட்டை அணைத்துக் கழற்றிவிட்டேன். இனி?

#20 இரவுப்பறவை

அருமை! இதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். இனி நீங்கள் தொடுவதெல்லாம் நகல்தான், நிம்மதியாக வேலை செய்யலாம்.

இமேஜை ‘படிக்க மட்டும்’ என்ற நிலையில் இணையுங்கள். மின்டில் ‘டிஸ்க்ஸ்’ செயலியிலேயே டிஸ்க் இமேஜை இணைக்கும் வசதி உண்டு. உள்ளே பழையபடி எல்லா ஃபோல்டரும் தெரியும். அப்பாவின் பெயர் உள்ள ஃபோல்டரை முழுதாக எடுங்கள், டாக்குமென்ட்ஸ் மட்டும் என்று சுருக்க வேண்டாம். மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள்தான் ஃபயர்ஃபாக்ஸ் கடவுச்சொற்கள், ஒட்டுக்குறிப்புகள் எல்லாம் இருக்கும். ‘பப்ளிக்’ ஃபோல்டரையும் பாருங்கள்.

ஒருவேளை இமேஜ் திறக்கவில்லை என்றால் டெஸ்ட்டிஸ்க் இருக்கிறது, அது பார்ட்டிஷன் அட்டவணையை (வன்தட்டு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பை) சரிபார்க்கும். அதுவும் முடியாவிட்டால் ஃபோட்டோரெக். அது கோப்பின் தொடக்க அடையாளத்தை வைத்துத் தேடித் தோண்டி எடுக்கும், ஆனால் கோப்புப் பெயரும் ஃபோல்டரும் திரும்பி வராது. கடைசிக் கதவாக வைத்துக்கொள்வோம்.

#21 மழைத்துளி

எஸ்எஸ்டிக்கும் இதே முறைதானா? என்னிடம் எம்.2 எஸ்எஸ்டி உள்ள லேப்டாப். மதர்போர்டு போய்விட்டது.

#22 கம்பிவலை

மதர்போர்டு மட்டும் போயிருந்தால் எஸ்எஸ்டியைக் கழற்றி யுஎஸ்பி உறையில் போட்டு வேறு கணினியில் படிக்கலாம். ஆனால் எம்.2 இரண்டு வகை: என்விஎம்இ, சாட்டா. உறை அதற்குப் பொருந்த வேண்டும், இரண்டையும் ஏற்கும் உறையும் கிடைக்கிறது. பிட்லாக்கர் இருந்தால் மேலே சொன்ன விசை வேண்டும். நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்ட லேப்டாப் என்றால் கழற்ற முடியாது. 2018க்குப் பிறகு வந்த பெரும்பாலான மேக்புக்குகளில் மறையாக்கமும் அதே பலகையின் சிப்போடு பிணைந்திருக்கும். அங்கே பலகையையே உயிர்ப்பித்தால்தான் உண்டு.

இன்னொன்று, எஸ்எஸ்டியில் தவறுதலாக அழித்த கோப்பு பெரும்பாலும் திரும்பாது. ட்ரிம் என்ற கட்டளை அந்த இடங்களைக் காலி என்று எஸ்எஸ்டிக்கே சொல்லிவிடும். கிளம்பாத கணினி வேறு, அழித்த கோப்பு வேறு.

#23 செம்பருத்தி

இமேஜ் திறந்தது. ஆனால் இரண்டு சிக்கல்.

தம்பியின் லினக்ஸ் லேப்டாப்புக்குக் காப்பி போட்டால் சில கோப்புகளுக்கு ‘பெயர் மிக நீளம்’ என்கிறது. விண்டோஸில் ஒழுங்காகத்தானே இருந்தது? அப்பா முழு வாக்கியத்தையே கோப்புக்குப் பெயராக வைப்பார்.

இன்னொன்று, 2015க்கு முந்தைய வேர்டு கோப்புகளைத் திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து என்னவோ வருகிறது. அவை கெட்டுவிட்டனவா? அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

#24 தட்டச்சுமேசை

சொல்லிவிடுங்கள், ஒன்றும் கெடவில்லை! ‘;’ குறி நிறைய வருகிறதா? அப்படியென்றால் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அந்தக் குறிதான். அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துதான் வெளியே தெரியும்.

இமேஜுக்குள் விண்டோஸ் ஃபோல்டரின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் பாமினி இருக்கிறதா பாருங்கள். அதையும் கோப்புகளோடு சேர்த்துக் காப்பாற்றுங்கள், இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து இதே பயம் வரும். விண்டோஸ் 10இன் 1809 பதிப்புக்குப் பிறகு சேர்த்த எழுத்துரு என்றால் அங்கே இல்லாமல், அப்பாவின் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற வழியில் இருக்கலாம். பிறகு எழுத்துரு மாற்றி ஒன்றைக் கொண்டு யூனிகோடாக மாற்றி ஒரு பிரதி வையுங்கள். மூலத்தை மட்டும் அழிக்காதீர்கள். மாற்றியில் ஒரு எழுத்து தவறினாலும் திரும்பிப் பார்க்க அதுதான் உதவும்.

#25 கம்பிவலை

நீளப் பெயர் விஷயம்: விண்டோஸின் என்டிஎஃப்எஸ் 255 குறியீடு வரை பெயர் ஏற்கும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஏற்பது 255 பைட். லினக்ஸில் யூனிகோடை எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். ‘கு’ என்பதே க, உகரக் குறி என இரண்டு குறியீடு, 6 பைட். ஆக 85 தமிழ்க் குறியீட்டுக்கு மேல் போனால் இஎக்ஸ்டி4 மறுக்கும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வன்தட்டுக்கு நேராகக் காப்பி போடுங்கள், பெயர் அப்படியே வரும்.

#26 செம்பருத்தி

பாமினி ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருந்தது! போட்டதும் பக்கம் பக்கமாகத் தமிழ் வந்துவிட்டது. பெயர்ச் சிக்கலும் தீர்ந்தது.

அந்த 1.1 எம்பி எந்தக் கோப்புகளில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பத்தாயிரம் கோப்பையும் திறந்து பார்க்க முடியாது.

#27 இரவுப்பறவை

நல்ல கேள்வி, பலரும் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். டிடிரெஸ்க்யூவிலேயே நிரப்பும் முறை ஒன்று உண்டு. கிடைக்காத இடங்களை மட்டும், வேறெங்கும் வராத ஒரு அடையாளச் சொல்லால் நிரப்பச் சொல்லலாம். வரைபடக் கோப்பு இருப்பதால் அதற்கு இடம் தெரியும். பிறகு எல்லாக் கோப்புகளிலும் அந்தச் சொல்லைத் தேடினால் காயம்பட்டவை மட்டும் பட்டியலாக வரும். இமேஜின் நகல் ஒன்றில் செய்யுங்கள். கட்டளை தனிமடலில்.

#28 செம்பருத்தி

தேடி முடித்தேன். பாதிக்கப்பட்டவை மொத்தம் 19 கோப்பு. பதினாறு விண்டோஸின் சொந்தக் கோப்புகள், அதனால்தான் கிளம்பவில்லை போல. இரண்டு படங்கள், 2016இல் எடுத்தவை. ஒன்றில் கீழ்ப்பாதி சாம்பல் நிறம். இன்னொன்றில் வானத்தில் ஒரு கோடு மட்டும்.

மீதி ஒன்று பாட்டியின் பதிவு. எம்பி3 கோப்பு, 48 நிமிடம். இழந்தது ஒரே ஒரு செக்டர், 4,096 பைட். கால் நொடிதான் என்று கணக்குப் போட்டுத் தம்பி சொன்னான். முழுவதும் கேட்டோம். 31ஆவது நிமிடத்தில் பாட்டி அப்பாவின் சின்ன வயதுச் செல்லப்பெயரைச் சொல்லிக் கூப்பிடும் இடத்தில் ஒரு சின்ன வெட்டு, பெயரின் பின்பாதி இல்லை. அப்பா அந்த இடத்தை மூன்று முறை ஓட்டச் சொன்னார். மூன்றாவது முறை அந்தப் பின்பாதியை அவரே சேர்த்துச் சொன்னார்.

எல்லாவற்றையும் இரண்டு வன்தட்டில் ஏற்றிவிட்டேன், ஒன்று தங்கை வீட்டுக்குப் போகிறது. பழைய வன்தட்டை என்ன செய்ய?

#29 இரவுப்பறவை

இரண்டு பிரதியிலும் எல்லாம் திறக்கிறதா என்று ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். அதுவரை பழையதை அதிராத இடத்தில், பஞ்சோ துணியோ சுற்றி வையுங்கள். அந்தப் பதிவுக் கோப்பு உள்ள இடத்தை மட்டும் கடைசியாக ஒரு முறை, பின்பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிக்க முயலலாம். திசை மாறினால் சில சமயம் ஒரு செக்டர் கிடைத்துவிடும். உறுதி சொல்ல மாட்டேன். எப்போது செய்யலாம் என்று சொல்லுங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்.

#30 செம்பருத்தி

ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பாவும் உட்காருகிறேன் என்கிறார்.